800 வருஷமாக மூடப்படாத ஒரு கொயர்



காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கணக்குப்பதிவியலில் ஆரம்பத்திலேயே ஒரு கருத்து சொல்லித் தருவார்கள். நிறுவனத் தொடர்ச்சி. அதாவது, 'இந்த நிறுவனம் நாளைக்கே மூடப்படாது, தொடர்ந்து நடக்கும்' என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுத வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், உண்மையில் எத்தனை நிறுவனங்கள் அப்படித் தொடர்கின்றன? நூறு வருஷத்தைத் தாண்டிய கம்பெனி என்றாலே நாம் மலைத்துப் போகிறோம்.

இன்றைக்கு நான் எழுதப் போவது 800 வருஷத்தைத் தாண்டிய ஒரு நிறுவனத்தைப் பற்றி. அது பேங்க் இல்லை, கப்பல் கம்பெனி இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழு. நம் ஊர் சர்ச்சுகளில் கொயர் என்கிறோமே, அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், பாடுகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பையன்கள்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் பையன்கள் கொயர் மாதிரி மோசமான தொழில் வேறு இல்லை. ஒன்பது பத்து வயதில் ஒருவனைச் சேர்த்து, சோறு போட்டு, படிப்புச் சொல்லிக் கொடுத்து, பாடவும் பழக்குகிறீர்கள். நன்றாகப் பாட ஆரம்பிக்கும் நேரத்தில் அவன் குரல் உடைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து! சில வருஷத்துக்கு ஒரு முறை தன் முக்கியமான சொத்தை இழந்துகொண்டே இருக்கும் ஒரு நிறுவனம் எப்படி 800 வருஷம் தாங்கியது? இதுதான் என் கேள்வி.

1212: மடத்தில் ஆரம்பம்

லைப்சிக் அப்போது வியாபாரிகள் கூடும் ஒரு சின்ன ஊர். மைசன் பகுதியை ஆண்ட டீட்ரிக் என்ற பிரபு அங்கே புனித தோமா பெயரில் ஒரு மடத்தை நிறுவினார். சென்னை சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் அதே தோமாதான். 1212-ல் பேரரசர் நான்காம் ஓட்டோ அதை உறுதி செய்தார். அகஸ்தீன் சபைத் துறவிகள் அந்த மடத்தை நடத்தினார்கள்.

மடத்தில் தினமும் வழிபாடு நடக்கும். வழிபாட்டில் பாட இளங்குரல்கள் வேண்டும். அதனால் பையன்களைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஏற்பாடு ரொம்ப எளிமையானது: நீ பாடு, நாங்கள் படிப்பும் சாப்பாடும் தருகிறோம். பண்டமாற்று மாதிரி! இந்த அடிப்படை ஒப்பந்தம் பின்னால் பல வடிவங்களில் மாறினாலும் முழுதாக ரத்தாகவே இல்லை. லைப்சிக் பல்கலைக்கழகம் 1409-ல்தான் வந்தது. கொயர் அதைவிட ஏறக்குறைய 200 வருஷம் மூத்தது.

முதலாளி மாறினார், வேலை மாறவில்லை

1519-ல் மார்ட்டின் லூதருக்கும் யோகான் எக் என்ற கத்தோலிக்க அறிஞருக்கும் லைப்சிக்கில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. அதற்குத் தொடக்கமாக தோமா ஆலயத்தில் நடந்த வழிபாட்டில் 12 குரல்களுக்கு எழுதிய பூசைப் பாடல் பாடப்பட்டது. அதை அமைத்தவர் கொயரின் அன்றைய தலைவர் கியோர்க் ராவ். அந்தப் பதவிக்கு 'காண்டர்' என்று பெயர். பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து ஆலயத்தில் இசையை நடத்துகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராவுக்கு லூதர் பக்கம் மனசு போய்விட்டது. அடுத்த வருஷமே பதவியை விட்டார். பின்னால் விட்டன்பர்க்கில் அச்சகம் வைத்து, லூதரின் இயக்கத்துக்கு இசைப் புத்தகங்கள் அச்சடித்தார்.

1539-ல் லைப்சிக் முழுவதும் சீர்திருத்த சபைக்கு மாறியது. அந்த வருஷம் பெந்தெகொஸ்தே பண்டிகையின்போது லூதரே தோமா ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். மடம் கலைந்தது. துறவிகள் போய்விட்டார்கள். சாதாரணமாக யோசித்தால் கொயரும் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் 1543-ல் நகர சபை மடத்தின் சொத்துகளை வாங்கியபோது, பள்ளிக்கூடத்தையும் கொயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. நம் பாடத்தில் வருமே, ஒரு நிறுவனத்தை அதன் பொறுப்புகளோடு எடுத்துக்கொள்வது, அப்படி! அன்றிலிருந்து காண்டருக்குச் சம்பளம் கொடுப்பது நகர சபை. இன்றைக்கும் இந்தக் கொயர் லைப்சிக் மாநகராட்சியின் நிறுவனம்தான். ஆலயத்தில் பாடுகிறது, ஆனால் பட்ஜெட் மாநகராட்சியுடையது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

கல்யாணம், சாவு, தெருப்பாட்டு

நகர சபை பொறுப்பேற்றது சரி. பணம் போதுமா? போதவில்லை. பையன்கள் ஊருக்குள் தெருத்தெருவாகப் பாடிக் காசு சேர்த்தார்கள். புது வருஷத்தின்போது வீடு வீடாகப் போய்ப் பாடினார்கள். மார்கழி மாதத்தில் நம் ஊரில் பஜனை கோஷ்டி வருவதையும், கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் ரவுண்ட்ஸ் வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அது பையன்களின் செலவுக்கும் ஆசிரியர்களின் வருமானத்துக்கும் நிஜமாகவே தேவைப்பட்ட காசு. பனிக்காலத்தில் ஜெர்மனியில் தெருவில் நின்று பாடுவது தொண்டைக்கு எவ்வளவு நல்லது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கல்யாணம், சாவு. சாவு ஊர்வலத்தில் கொயர் பாடிக்கொண்டு போகும். இதிலும் ரேட் உண்டு! முழுப் பள்ளி, அரைப் பள்ளி, கால் பள்ளி என்று வகை பிரித்து வைத்திருந்தார்கள். பணக்காரர் என்றால் எல்லாப் பையன்களும் வருவார்கள். வசதி குறைந்தவர் என்றால் சில பேர். அந்தக் கட்டணத்தில் காண்டருக்கும் பங்கு உண்டு.

இப்போது அந்தக் காண்டர்களில் உலகமே அறிந்த ஒருவருக்கு வருவோம்.

மூன்றாவது சாய்ஸ்

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கேட்டவர்களுக்கு பாக் என்ற பெயர் தெரிந்திருக்கும். ராஜா அந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் சமர்ப்பித்தார். அந்த யோகான் செபாஸ்டியன் பாக், 1723 முதல் 1750-ல் இறக்கும் வரை, 27 வருஷம், இந்தப் பையன்கள் கொயரின் காண்டர்.

ஆனால் நகர சபையின் முதல் தேர்வு அவர் இல்லை. முதலில் டெலிமான் என்பவரைக் கேட்டார்கள். அவர் இந்த அழைப்பைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். (கேம்பஸ் இன்டர்வியூ ஆஃபர் லெட்டரைக் காட்டிப் பேரம் பேசும் வித்தை 300 வருஷப் பழசு!) அடுத்து கிராவ்ப்னர் என்பவரைக் கேட்டார்கள். அவருடைய பிரபு அவரை விட மறுத்துவிட்டார். அப்புறம்தான் பாக்.

வேலை லேசானது இல்லை. ஞாயிறு தோறும் ஆலயத்தில் இசை நடத்த வேண்டும். முதல் சில வருஷங்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு புதிய படைப்பையே எழுதினார். எழுதியதைப் பிரதி எடுத்து, பையன்களுக்குப் பழக்கி, ஞாயிறு காலையில் பாட வைக்க வேண்டும். பிரதி எடுக்க மனைவி அன்னா மக்தலேனாவும், வீட்டுப் பிள்ளைகளும், மாணவர்களும் உட்கார்ந்தார்கள். இது போதாதென்று பள்ளியில் லத்தீன் வகுப்பு வேறு! அந்த வகுப்பை எடுக்க அவர் சக ஆசிரியர் ஒருவருக்குத் தன் கையிலிருந்து வருஷத்துக்கு 50 தாலர் கொடுத்தார்.

தாலர் என்பது அந்தக் கால வெள்ளி நாணயம். பாக்கின் நிலையான சம்பளம் சுமார் 100 தாலர்தான். ஆனால் மொத்த வருமானம் சுமார் 700 தாலர் என்று 1730 அக்டோபரில் நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். மீதி 600? கல்யாணம், சாவு, இன்ன பிற. அதே கடிதத்தில் ஒரு குறையும் வருகிறது: ஊரில் சாவு அதிகமானால் வரும்படி கூடுகிறது, காற்று சுத்தமாக இருந்தால் குறைந்துவிடுகிறது, போன வருஷம் சாவு குறைந்ததால் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்கிறார். முதல் முறை படிக்கும்போது சிரிப்பு வரும். வீடு நிறையக் குழந்தைகள் இருந்த மனிதர் என்று ஞாபகம் வந்தால் சிரிப்பு போய்விடும். வருமானத்தில் ஏழில் ஆறு பங்கு மாறும் வருமானம் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

தோமா ஆலயத்துக்கு வெளியே 1908-ல் வைத்த பாக் சிலை ஒன்று இருக்கிறது. அதில் அவர் கோட்டின் ஒரு பாக்கெட் வெளியே இழுத்துவிட்ட மாதிரி காலியாகத் தொங்குகிறது. பணக் கஷ்டத்தைக் காட்டத்தான் அப்படி என்று ஊரில் சொல்கிறார்கள்.

17 + 20 + 17

1730 ஆகஸ்ட் 23-ல் பாக் நகர சபைக்கு ஒரு மனு கொடுத்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த ஆவணம் இதுதான். ஏனென்றால் அது இசையைப் பற்றிய கவிதை இல்லை, சுத்தமான ஆள் கணக்கு!

கொயர் நான்கு ஆலயங்களுக்குப் பாட வேண்டும். ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது. வாத்தியக்காரர்கள் 18 முதல் 20 பேர் வேண்டும். நகரம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதோ 8 பேர். முன்பெல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து வாசிக்க, பாட, சபை ஏதோ சிறு தொகை கொடுக்கும். அதையும் நிறுத்திவிட்டார்கள். சும்மா யார் வருவார்?

கடைசியில் விடுதிப் பையன்களின் பட்டியல். ஒவ்வொரு பெயராக எழுதி மூன்றாகப் பிரிக்கிறார். பயன்படக்கூடியவர்கள் 17. இன்னும் தேறாதவர்கள் 20. சுத்தமாக லாயக்கில்லாதவர்கள் 17. கடைசி ஆலயமான பேதுரு ஆலயத்துக்கு எப்படிப்பட்டவர்கள் போகிறார்கள் தெரியுமா? இசையே புரியாமல், கீர்த்தனையை ஒப்பேற்றத் தெரிந்தவர்கள். இதையும் அவரே சொல்கிறார்.

அந்தக் கடைசிப் பட்டியலில் இருந்த பையன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பாக் கையால் 'லாயக்கில்லை' என்று எழுதப்பட்டு, அது 300 வருஷமாகப் பத்திரமாகவும் இருக்கிறது :-)

ஆனால் சபையின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம் ஏழைப் பையன்களுக்கான தர்மப் பள்ளியும்கூட. படிப்பில் கெட்டி, பாட்டில் சுமார் என்று ஒரு ஏழைப் பையன் வந்தால் என்ன செய்வது? இடம் ஐம்பத்து சொச்சம்தான். பாக் 'குரல் உள்ளவனைக் கொடு' என்கிறார். பள்ளி 'படிக்கிறவனைச் சேர்ப்போம்' என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் சண்டை தீரவில்லை. 1736-ல் தலைமையாசிரியர் எர்னெஸ்டிக்கும் பாக்குக்கும் இடையே, மாணவர் தலைவனை நியமிக்கும் உரிமை யாருக்கு என்று தகராறு வெடித்து, விஷயம் அரசர் வரை போனது.

மாணவர் தலைவன் பதவிக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. நான்கு ஆலயத்திலும் ஒரே நேரத்தில் பாக் நிற்க முடியாது. அவர் முதல் குழுவோடு இருப்பார். மற்ற இடங்களில் குழுவை நடத்துவது 'பிரிஃபெக்ட்' எனப்பட்ட பெரிய பையன்கள். சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெரியவர்கள்தான். அந்தப் பதவியில் தவறான ஆள் உட்கார்ந்தால் அடுத்த தலைமுறையே கெட்டுவிடும். கொயர் உண்மையில் நின்றது இந்தப் பையன்களின் தோளில்.

குரல் உடையும் வயது

ஆரம்பத்தில் சொன்ன சிக்கலுக்கு இங்கே ஒரு முக்கியமான தகவல். பாக் காலத்துக் கொயரின் 1727 முதல் 1749 வரையான பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு 1970-ல் வெளியானது. யார் எந்த வருஷம் சோப்ரானோவிலிருந்து கீழே இறங்கினார்கள் என்று பார்த்து, குரல் உடைந்த வயதைக் கணக்கிட்டார்கள். விடை சுமார் 16, 17 வயது! இன்றைய பையன்களுக்கு அது 13, 14 வயதிலேயே நடந்துவிடுகிறது. சத்துள்ள சாப்பாடு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

இதன் அர்த்தம் என்ன? பாக்குக்கு ஒரு சோப்ரானோ பையன் 16, 17 வயது வரை கிடைத்தான். இன்றைய காண்டருக்கு நான்கு வருஷம் கிடைத்தால் பெரிது. அன்று 16 வயதுப் பையன் பாடியதை இன்று 12 வயதுப் பையன் பாட வேண்டும். பாடல் அதே, கஷ்டம் அதே, வயது மட்டும் குறைவு. குரல் உடைந்தவன் கொஞ்ச நாள் பாடாமல் இருந்துவிட்டு, பிறகு டெனராகவோ பேஸாகவோ திரும்பி வருகிறான். அப்போது அவன் வேலை பாடுவது மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் சின்னவனைக் கவனித்துக்கொள்வதும்தான்.

எல்லோரும் மறந்தபோது

பாக் உடம்பு சரியில்லாமல் இருந்தபோதே, 1749 ஜூனில், அவர் இடத்துக்கு வேறொருவரை வரவழைத்துச் சோதித்துவிட்டது நகர சபை. வேலைக்காரர் உயிரோடு இருக்கும்போதே இன்டர்வியூ! 1750 ஜூலை 28-ல் பாக் இறந்தார். ஜான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கல்லறைக்கு மேலே பெயர்கூட இல்லை. மனைவி அன்னா மக்தலேனா உதவிப் பணத்தில் காலம் தள்ளி 1760-ல் இறந்தார். தன்னிடம் இருந்த 44 படைப்புகளின் குரல் தாள்களை அவர் பள்ளியிடம் ஒப்படைத்திருந்தார்.

அதன் பிறகு பாக்கின் பெரிய பாட்டுப் படைப்புகளை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. ஃபேஷன் மாறிவிட்டது. ஆனால் லைப்சிக்கில் பையன்கள் மட்டும் அவருடைய மோட்டட்களைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். மோட்டட் என்பது பல குரல்கள் பின்னிப் பாடும் ஆலயப் பாடல். ஏன் பாடினார்கள்? பெரிய பக்தியோ ஆராய்ச்சியோ இல்லை. தாள்கள் அலமாரியில் இருந்தன, பெரிய பையன்களுக்குப் பாடம் தெரியும், சின்னவர்களுக்கு நல்ல பயிற்சி. அவ்வளவுதான்!

1789-ல் மொசார்ட் லைப்சிக் வந்தார். அவருக்காகப் பையன்கள் பாக்கின் இரட்டைக் கொயர் மோட்டட் ஒன்றைப் பாடினார்கள். சில வரிகள் கேட்டதும் மொசார்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, 'இது என்ன?' என்று கேட்டாராம். முழு ஸ்கோர் அங்கே இல்லை. தனித்தனிக் குரல் தாள்கள்தான் இருந்தன. அவற்றை முழங்காலிலும் பக்கத்து நாற்காலிகளிலும் பரப்பி வைத்து, எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை என்று அந்தப் பள்ளியின் பழைய மாணவர் ரோக்லிட்ஸ் பிறகு எழுதினார்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. மெண்டல்சன் 1829-ல் பெர்லினில் பாக்கின் மத்தேயு பாடுகளை மறுபடி அரங்கேற்றினார். 1835-ல் லைப்சிக் வந்தார். 1840-ல் தோமா ஆலயத்தில் தனியாளாக ஆர்கன் வாசித்துப் பணம் திரட்டினார். 1843-ல் பாக்குக்கு நினைவுச்சின்னம் திறந்தபோது, 80 வயதைத் தாண்டிய பேரன் ஒருவரும் வந்திருந்தார். மெண்டல்சனைப் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இடையில் இருந்த அந்த 79 வருஷம் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களில் பெயர் தெரியாத இந்தப் பையன்களும் உண்டு.

குண்டும் கொடியும்

20-ஆம் நூற்றாண்டில் சோதனை வேறு மாதிரி வந்தது. 1931 முதல் காண்டர் ஸ்ட்ராவ்பே தலைமையில் பாக்கின் கான்டாட்டாக்கள் ஞாயிறு தோறும் வானொலியில் ஒலிபரப்பாயின. ஊர்க் கொயர் நாட்டுக் கொயர் ஆனது. புகழ் வந்தால் அரசியலும் வரும். நாஜி ஆட்சியில் பையன்கள் இட்லர் இளைஞர் அமைப்புக்குள் சேர்க்கப்பட்டார்கள். 1943 டிசம்பர் 4 விடியற்காலையில் லைப்சிக் மீது குண்டு மழை. பாக் புதைக்கப்பட்டிருந்த ஜான் ஆலயம் அழிந்தது. பையன்களை கிரிம்மா என்ற பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். 1945-ல் போர் முடிந்ததும் திரும்பினார்கள். 1950 முதல் பாக்கின் கல்லறை தோமா ஆலயத்துக்குள்ளேயே, பையன்கள் நின்று பாடும் இடத்தில் இருக்கிறது.

அடுத்து வந்தது கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு. கடவுள் நம்பிக்கை இல்லாத அரசுக்கு ஆலயக் கொயர் எதற்கு? 1968 மே 30-ல் அதே லைப்சிக்கில், சேதமில்லாமல் நின்ற பல்கலைக்கழக ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த ஊரில்தான் தோமா கொயர் வாரா வாரம் ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தது, அரசுப் பணத்தில்! வெளிநாட்டில் காட்ட ஒரு பெருமை அரசுக்குத் தேவைப்பட்டது. கொயருக்குத் தொடர்ந்து பாட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1972 முதல் காண்டராக இருந்த ரோட்ஷ், உளவுத்துறையோடு இருந்த தொடர்பு வெளியானதால் 1991-ல் பதவி விலகினார். நீண்ட ஆயுள் என்றால் சுத்தமான ஆயுள் என்று அர்த்தம் இல்லை. இதை மறைத்துவிட்டு 800 வருஷப் பெருமை பேசக்கூடாது.

தரங்கம்பாடி வழியாக

லைப்சிக் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பாக் காண்டராவதற்கு 17 வருஷம் முன்பே, 1706-ல், சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கிவிட்டார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் லூத்தரன் பாடல்களை, மெட்டை மாற்றாமல், தமிழில் தந்தார்கள். லூத்தரன் சபையில் இன்றும் அவற்றை ஞானப்பாட்டுகள் என்கிறார்கள். தமிழ் ராகத்தில் வரும் கீர்த்தனைகள் வேறு, இவை வேறு. லைப்சிக் பையன்கள் பனியில் நின்று காசுக்குப் பாடியதும், பாக் தன் படைப்புகளுக்குள் வைத்துப் பின்னியதும் இதே மரபின் மெட்டுகளைத்தான். 1840-களில் தரங்கம்பாடி மிஷன் பணி லைப்சிக் மிஷன் கைக்கே வந்தது. அதன் வழியில்தான் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது.

அப்படியானால் எப்படித் தாங்கியது?

2012-ல் கொயர் தன் 800-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. 2021 முதல் காண்டராக இருப்பவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ரைஸ. பாக்குக்குப் பிறகு 18-ஆவது காண்டர், சீர்திருத்தத்துக்குப் பிறகு முதல் கத்தோலிக்கர். 9 வயது முதல் 18 வயது வரை சுமார் 100 பையன்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பெட்டி'! வெள்ளி, சனி, ஞாயிறு என்று வார இறுதியில் பாடுகிறார்கள்.

பாக் என்ற மேதையால்தான் இந்தக் கொயர் நிலைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாக் வரும்போது கொயருக்கு வயது 500-க்கு மேல். அவர் இருந்த 27 வருஷமும் சண்டையோடுதான் போனது. கொயர் பாக்கைக் காப்பாற்றியது என்பதும் அதே அளவு உண்மை.

நான் பார்த்தவரை மூன்று காரணங்கள். ஒன்று, செலவுக்குப் பொறுப்பாக எப்போதும் யாரோ ஒருவர் இருந்தார்கள். மடம் போனால் நகர சபை. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாலும், கொடுப்பதை நிறுத்தவில்லை. இரண்டு, வாரா வாரம் ஒரு கட்டாயம் இருந்தது. ஞாயிறு வந்தால் பாடியே ஆக வேண்டும். மனசு வந்தால் பாடுவோம் என்று இருந்திருந்தால் பத்து வருஷம்கூட ஓடியிருக்காது. மூன்று, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். குரல் என்ற சொத்து அழிந்துகொண்டே இருந்தாலும், பழக்கம் என்ற சொத்து கை மாறிக்கொண்டே வந்தது. அதற்கு எந்த ஐந்தொகையிலும் இடம் கிடையாது.

நம் ஊரிலும் பல சர்ச் கொயர்கள், பஜனை மடங்கள், நாதஸ்வரக் குழுக்கள் இருக்கின்றன. நூறு வருஷத்தைத் தொட்டவையும் உண்டு, நம் கண் முன்னே தேய்ந்து போனவையும் உண்டு. பெரிய வித்வான் கிடைக்காததால்தான் ஒரு குழு அழிகிறது என்று நினைக்கிறோம். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு அறையைத் திறக்க ஆள் இல்லாமல் அழிகிறது என்பதே என் சந்தேகம். உங்கள் ஊரில் அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது? தெரிந்தால் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, ஆரம்பித்த வருஷத்தையும் முதலில் பாடியவர்களின் பெயர்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாக் கொடுத்த அந்தப் பட்டியலில் லாயக்கில்லை என்று எழுதப்பட்ட 17 பையன்களின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருப்பது, ஒருவர் உட்கார்ந்து எழுதியதால்தானே!